என் வாயில் வந்த வாக்குமூலம்

பேய், ஜின், செய்வினை என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போதே ஒரு மாதிரிச் சிரிக்கிறீர்கள், அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அப்படிச் சிரித்துத் திரிந்தவன்தான். கரைத்தீவில் இருந்த காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தபோது, அவளைப் பிடித்திருப்பது ஜின் இல்லை, மாமியார் என்று சொல்லி வாப்பாவிடம் ஏச்சு வாங்கியவன்.

எனக்குப் பைத்தியம் எல்லாம் துப்பறியும் கதைகளில்தான். வேன் ஓட்டுகிறவனுக்குக் காத்துக் கிடக்கிற நேரம்தானே அதிகம், ஹயர் போன இடத்தில் நிழல் பார்த்து வேனை விட்டு, சீற்றைச் சாய்த்துக்கொண்டு வாசிப்பேன். பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரன் இன்னார் என்று முடிவு கட்டிவிடுவேன், கணிப்புப் பிழைத்துப்போனால் எழுதியவனைத் திட்டுவேன். கொலை நடந்தால் செய்தவன் ஒருவன் இருப்பான், எதையாவது விட்டுவிட்டுப் போயிருப்பான், அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் வந்து சேருவான், உலகம் அவ்வளவுதான் என்று இருந்தேன்.

யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. நாங்கள் மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு வந்த சனம், நான் சிலாபத்தில் கடையில் நின்று வளர்ந்ததால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எங்கள் பக்கத்துப் பொலிஸில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாத நாட்களில் என்னைக் கூப்பிடுவார்கள், ஓஐசி, அந்தப் பொலிஸின் பொறுப்பதிகாரி, நல்ல மனிதர், என்னை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார், வாக்குமூலம் எடுக்கும்போது அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு இருந்தது. “அவன் அடித்தானாம் என்று எனக்குச் சொல்லாதே மல்லி. அவன் நான் என்றால் நீயும் நான் என்று சொல். நடுவில் நீ இருக்கக் கூடாது” என்பார். அப்படியே பழகிவிட்டேன். நான் களவெடுத்தேன், நான் குடித்துவிட்டு வந்து மனைவியை உதைத்தேன் என்று எத்தனையோ பேருடைய பாவத்தை என் வாயால் சொல்லிவிட்டு வெளியே வந்து பால் விடாத பிளேன்ரீ குடித்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம், நுரைச்சோலைக்கு அங்கால கடற்கரையில், காதர் சம்மாட்டி என்கிற வலை முதலாளிக்கு ஒரு கரைவலை வாடி, மீன்பிடிக் கொட்டில், இருந்தது. வலை இழுக்க உடப்பு என்கிற இந்துத் தமிழர் ஊரில் இருந்து ஆட்கள் வருவார்கள், வரிசையாக நின்று அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். சம்மாட்டி ஒரு ட்ரக்டர் வாங்கி அதில் கயிற்றைக் கட்டி இழுக்கத் தொடங்கினார், பாட்டும் போனது, ஆட்களின் பிழைப்பும் போனது. அவர்களில் முருகையா என்கிறவர் மட்டும் வந்து சம்மாட்டியோடு வாய்ச்சண்டை பிடித்தார். அதை ஊரே பார்த்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சம்மாட்டியைக் கொன்றுவிட்டார்கள். பட்டப்பகலில், ஜும்ஆத் தொழுகை நேரத்தில், வாடிக்குப் பின்னால் கிணற்றடியில். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வந்தவர்கள்தான் மையித்து விழுந்து கிடந்ததைக் கண்டார்கள். வாளித் தண்ணீரெல்லாம் சிவப்பாம், தலை தலையாகவே இல்லையாம். ஊர் உடனே துப்பறிந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் பள்ளியில் இருந்தோம், அப்படியென்றால் செய்தவன் பள்ளிக்கு வராதவன், அவன் முருகையா என்றார்கள். பாருங்கள், ஒரு புத்தகத்தில் வந்திருந்தால் நானே சபாஷ் போட்டிருப்பேன்.

நான் அன்று விடியவே சிலாபத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு தலவிலத் தேவாலயப் பெருநாளுக்குப் போயிருந்தேன். அவர்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டு, அவர்களைத் தங்க விட்டுவிட்டு வெறும் வேனோடு திரும்பி வரும்போது கடற்கரையில் சனம். இறங்கிப் போய்ப் பார்த்தால் முருகையாவை அந்த ட்ரக்டரின் சில்லோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வலைக் கயிற்றை ஈரமாக்கி அடிக்கிறார்கள். காதில் இருந்து இரத்தம் வடிகிறது. சம்மாட்டியின் மச்சினன் பளீல் நானா, எனக்கு அண்ணன் முறை, பெரிய உடம்புக்காரர், ஒரு துடுப்பை எடுத்து அந்த மனிதரின் விலாவில் குத்துகிறார், குத்தும்போதெல்லாம் அழுகிறார்.

“விடுங்க நானா, செத்துருவான்!” என்று கத்தினேன்.

“சாகட்டும்! எங்கட மச்சானை நாயை அடிச்ச மாதிரி அடிச்சவன், சாகட்டும்!”

பொலிஸ் ஜீப் வந்திராவிட்டால் அங்கேயே முடித்திருப்பார்கள். என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று.

இனிமேல் சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் அது உங்கள் பாடு.

பொலிஸில் ஒரு மேசை, எதிரே கதிரையில் முருகையா, சாய்ந்து விழாமல் ஒரு பொலிஸ் கொஸ்தாப்பர் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் எழுதுகிறார். வெளியே வெயில் இன்னும் இருந்தது. எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது, மின்விசிறி சுற்றியது, யாரோ பாண் வாங்கி வைத்திருந்த கடதாசி மேசையில் பறந்தது. எதால் அடித்தாய் என்று ஓஐசி கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.

“நான் அடிக்கல்ல ஐயா. திரௌபதை அம்மன் சத்தியமா நான் அடிக்கல்ல.”

“நான் அடிக்கவில்லை” என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லி முடித்தேன். என் வாய் முடிக்கவில்லை.

“சம்மாட்டி கிணற்றடியில் குந்தியிருந்து தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார். அலவாங்குக் கடப்பாரை வெயிலில் கிடந்து சுட்டது, சாரத்தால் பிடித்துத் தூக்கினேன். முதல் அடி தலையில் விழவில்லை, தோளில் விழுந்தது, காறை எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. எழும்பப் பார்த்தார், முழங்காலில் போட்டேன். மல்லாந்து விழுந்தார். அலவாங்கைப் பாழ்பட்ட இறால் குளத்தில் தண்ணீர்க் குழாய்க்குள்ளே செருகிவிட்டேன்.”

அது என் குரல்தான். என் சிங்களம்தான், சிலாபத்து இழுவை கூட இருந்தது. ஆனால் அல்லாஹ் மீது ஆணை, அந்த வார்த்தைகளை நான் தேடவில்லை. அதோடு வார்த்தை மட்டும் வரவில்லை. அலவாங்கின் சூடு என் உள்ளங்கையில் வந்தது, எலும்பு உடையும்போது கம்பி வழியே ஒரு அதிர்வு முழங்கை வரை ஏறியது, அதுவும் வந்தது.

எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஓஐசி நிமிர்ந்து முருகையாவைப் பார்த்தார், அந்தப் பார்வையில் அந்த மனிதரின் கதை முடிந்துவிட்டது. மையித்தைப் பார்த்தவர் அவர், தோளும் முழங்காலும் உடைந்திருந்தது அவருக்குத் தெரியும்.

முருகையா என்னைப் பார்த்தார். “தம்பி, நான் அடிக்கல்லன்னு ஒரு சொல்லுத்தானே சொன்னன். நீங்க இவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க? ஏன் ஐயா என்னைய இப்பிடிப் பாக்குறார்?”

பெருவிரலைப் பிடித்து மையில் தோய்க்கப் போனார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த மனிதர் உள்ளே போவார், நான் பிளேன்ரீ குடிக்கப் போகலாம்.

“சேர், அதை அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்” என்றேன்.

“உனக்கு யார் சொன்னது?”

“ஒருவரும் சொல்லவில்லை.”

“அப்படியென்றால் நீ அங்கே இருந்தாய்.”

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நான் வாசித்த ஒரு புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை.

இறால் குளத்துக்கு என்னையும் கொண்டுபோனார்கள். இடம் சொன்னவன் நான் என்று கேள்விப்பட்டு ஊர் பின்னாலேயே வந்தது. ஒரு கொஸ்தாப்பர் சேற்றில் இறங்கி அந்தக் குழாய்க்குள் கையை விட்டார், அலவாங்கு வந்தது. நுனியில் தலைமுடி ஒட்டியிருந்தது. பிறகு எனக்கு நினைவிருப்பது பளீல் நானாவின் கைமுட்டிதான். “நீதான்டா! நீ மட்டும்தான்டா ஜும்ஆக்கு வரல்ல!” என்று கேட்டது, என் முன்பல் இரண்டும் நாக்கில் கிடந்தன. கீழே போட்டு மிதித்தார்கள். என் ஆட்கள், என்னோடு ஒரே கொட்டிலில் அகதியாகக் கிடந்து ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சோறு தின்றவர்கள். ஒருவன் என் கழுத்தில் காலை வைத்து முகத்தைச் சேற்றுக்குள் அமத்தினான், மூச்செடுத்தால் உப்புச் சேறுதான் உள்ளே போனது. பொலிஸ் வானத்தை நோக்கிச் சுட்ட பிறகுதான் விட்டார்கள்.

என்னையும் முருகையாவையும் ஒரே பொலிஸ் கூட்டில் அடைத்தார்கள். அவர் சட்டையைக் கிழித்து என் வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார், “உண்மையச் சொல்லுங்க தம்பி. நீங்களா?”

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மத்தியானம் தலவிலவில் என்ன கறியோடு சாப்பிட்டேன் என்று கேட்டால் மங்கலாக இருந்தது, கிணற்றடி மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. “எனக்குத் தெரியா அண்ணே” என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு மற்றச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

சிலாபத்துக் குடும்பம் வந்து சொன்னது, நான் முழு நேரமும் தங்களோடுதான் இருந்தேன், அவர்களின் சின்னப் பிள்ளை என் மடியில்தான் தூங்கியது என்று. கோயில் வளவில் பெருநாளுக்குக் கடை போட்டிருந்தவர்களும் சொன்னார்கள். அப்படித்தான் என்னை விட்டார்கள். முருகையா மீதும் ஒன்றும் நிற்கவில்லை, அவரும் போனார், ஒரு காது கேட்காமல் போனதோடு. இந்தப் பக்கம் அவர் திரும்பி வரவே இல்லை. ஓஐசி இடம் மாறிப் போகும்போது என்னைக் கூப்பிட்டார். “மல்லி, செய்தவன் இதை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறானோ என்னவோ. நினைவு உன்னிடம் வந்துவிட்டது. இனி அவனைப் பிடித்தாலும் நான் யாரைத் தண்டிப்பது?” என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. வழக்கு அப்படியே கிடக்கிறது.

இவ்வளவும்கூடப் பரவாயில்லை. சம்மாட்டியின் மனைவி ஹாஜரா மாமி, புருஷன் செத்தபின் வெளியே வராமல் இருக்கிற இத்தாக் காலம் முடிந்து, எனக்கு ஆள் அனுப்பினார். ஊரே என்னை விலக்கி வைத்திருந்த நேரம், பயந்து பயந்துதான் போனேன். மாமி திரைச்சீலைக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை.

“மகன், உங்களுக்கு அது தெரியுமாமே. ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லுங்க. மவுத்தாகக்குள்ள அவர் கலிமா சொன்னாரா?”

சாகும்போது எங்கள் ஆட்களின் வாயில் கடைசியாக வரவேண்டிய வார்த்தை கலிமா, பொலிஸில் என் வாய் சொல்லாமல் விட்ட இடமும் அதுதான். வார்த்தை நின்ற பிறகும் காட்சி நிற்கவில்லை, மல்லாந்து கிடந்தவரின் உதடு அசைந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“ஓம் மாமி. சொன்னார்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று விம்மினார். நானும் அழுதேன், அந்த மனிசி எத்தனை நாள் அந்த ஒரு கேள்வியோடு கிடந்திருப்பார். பிறகு மெதுவாகக் கேட்டார், “முழுசாச் சொன்னாரா மகன்? முகம்மதுர் ரசூலுல்லாஹ் வரைக்கும்?”

“முழுசாச் சொன்னார் மாமி.”

திரைக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. வெளியே பளீல் நானா யாருக்கோ கதிரை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

“அப்ப அவன் முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டிருக்கான்” என்றார் மாமி. “எங்கட ஆள்தான் மகன். கலிமா எங்க முடியுதெண்டு தெரிஞ்சவன்.”

மாமி சொன்னது உண்மை. அந்தக் கை அலவாங்கைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தது. கடைசி எழுத்து முடிந்த பிறகுதான் இறங்கியது. அன்று பள்ளியில் இருந்தோம் என்று சொன்ன அத்தனை பேருக்கும் கலிமா எங்கே முடிகிறது என்று தெரியும். எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து இன்றுவரை கலிமா சொன்னால், முடிகிற இடத்தில் என் வலது தோள் எதையோ ஓங்குகிற மாதிரித் தானாக இறுகுகிறது. டொக்டர் நரம்பு என்று குளிசை தந்தார், ஓதிப் பார்க்கிறவர் நூல் கட்டினார், நான் நூல் கட்டிக்கொண்டேன், பாருங்கள், நான்! போன நோன்புக்குப் பிறகு வாப்பா மவுத்தாகிற நேரம் வந்தது. மூத்த மகன் நான்தான் காதருகே குனிந்து கலிமா சொல்லிக்கொடுக்க வேண்டும், அவரும் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, தம்பியைச் சொல்லச் சொல்லிவிட்டு, வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன்.