கிளைவுக்குப் போன மண்

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டோரீனக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. கொழுந்து பறித்த காலத்தில் பக்கத்து நிரைக்காரி தெரியாத்தனமாகக் கைநீட்டினால்கூட, "அது என் செடி!" என்று மலையே திரும்பிப் பார்க்கச் சத்தம் போடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் ஓய்வு பெறவில்லை.

தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் செங்குத்தான சரிவில் அவருக்கு ஒரு துண்டு நிலம். லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோஸும் போட்டிருந்தார். அதற்கு நேர் கீழே கிளைவின் தோட்டம். கிளைவ் பழைய லொறி டிரைவர். தேவாலயப் பாட்டுக் குழுவில் எல்லோருக்கும் மேலே கேட்பது அவர் குரல்தான்.

ஒவ்வொரு மழைக்கும் டோரீனக்காவின் பாத்தி மெலிந்தது, கிளைவின் பாத்தி கொழுத்தது. தேவாலயத்தின் அந்த வருட அறுப்பின் பண்டிகையில் விளைச்சலை ஏலம் விட்டபோது கிளைவின் கோவாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. போதகர் முதற்கொண்டு புகழ்ந்தார்கள். டோரீனக்கா மட்டும் கடைசி வாங்கில் உட்கார்ந்தபடி, "மண்ணு என்னோடது!" என்றார்.

மறுநாள் காலையிலேயே ஒரு கூடையோடு கீழே இறங்கினார். கிளைவ் பல் துலக்கிக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னக்கா செய்றீங்க?"

"என் மண்ண எடுத்துட்டுப் போறேன்."

"மழை கொண்டாந்து போட்டது. மழைகிட்டப் போய்க் கேளுங்க!"

கூடையை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், மண் இரண்டு பேர் தலையிலும் சமமாகக் கொட்டியது.

அதே மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விவசாய அதிகாரி றமணன் வாசகசாலையில் கூட்டம் வைத்தார். சரிவுக்குக் குறுக்கே கான் என்கிற வாய்க்கால் வெட்டி, கானோரம் வெட்டிவேர்ப் புல் நட்டு மண்ணைக் காப்பவர்களுக்கு அரசாங்கம் பழக்கன்றும் உரப் பசளையும் தருமாம். ஓடுகிற மண் ஆற்றில் இறங்கி, கொத்மலை நீர்த்தேக்கத்தையே நிரப்புகிறது என்றும் கவலையோடு சொன்னார்.

டோரீனக்கா எழுந்தார். "சேர், கொத்மலைக்குப் போனாப் போகட்டும். இந்தப் புல்லு நட்டா, கீழ் வீட்டுத் தோட்டத்துக்கு மண்ணு போகுமா, போகாதா?"

"பெரும்பாலும் போகாது அம்மா."

"அப்ப என் பேர மொதல்ல போடுங்க."

நிலத்தைப் பார்க்க வந்த றமணன் தலையில் கைவைத்தார். "பாத்தியளை மேலயிருந்து கீழ நேராப் போட்டிருக்கிறியள். மழைக்கு நீங்களே றோட்டுப் போட்டுக் குடுத்த மாதிரியெல்லோ இருக்கு!"

டோரீனக்காவுக்குக் கோபம் வந்தது. அவர் மாத்திரமா அப்படிப் போட்டார்? தண்ணீர் தேங்காது, களை பிடுங்கச் சுகம் என்று ஊரே அப்படித்தான் போட்டது. ஆனாலும் மேலே இருந்த தேயிலை மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவர் கொழுந்து பறித்த செடிகள் அடிமண் போய், வேர் வெளியே தெரிய நின்றன. பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

அடுத்த மழைக்குள் கான்கள் வெட்டி முடிந்தன. நட்ட புல் சில மாதத்தில் அடர்ந்து வேலிபோல் நின்றது. மண் அசையவில்லை. இப்போது மெலிந்தது கிளைவின் பாத்தி. அவர் றமணனின் அலுவலகத்துக்கே போய்விட்டார்.

"சேர், வழக்கமா எனக்கு வாற மண்ண அந்தம்மா தடுத்து வச்சிருக்காங்க!"

றமணன் சிரிப்பை அடக்கத் தேநீரை வாயில் வைத்தார். அது தவறான முடிவு. மேசையிலிருந்த கடதாசியெல்லாம் நனைந்தது.

பிறகு கண்டியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் டோரீனக்காவின் நிலத்தைப் பார்க்க வந்தார். மண்ணைக் காக்கும் எண்ணம் எப்படி வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். றமணன் மொழிபெயர்த்தார்.

"கிளைவுக்குப் போகக் கூடாதுன்னுதான்," என்றார் டோரீனக்கா.

றமணன் கூசாமல், "வருங்காலப் பிள்ளைகளுக்காக என்கிறார்," என்று சிங்களத்தில் சொன்னார்.

டோரீனக்காவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்பது, பாவம், றமணனுக்குத் தெரியாது. "நான் அப்படிச் சொல்லலைங்க ஐயா," என்று நல்ல சிங்களத்திலேயே தொடங்கி, கோவா, கூடை, மண் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழக்கன்றுகள் இரண்டு கூடுதலாகவே கிடைத்தன.

ஒரு மத்தியானம் கிளைவ் மேலே ஏறி வந்தார். குரல் வழக்கத்துக்கு மாறாக இறங்கியிருந்தது.

"அக்கா, அந்தப் புல்லுல கொஞ்சம் பிடுங்கிக்கட்டுமா?"

"ஒனக்கு எதுக்கு?"

"எனக்குக் கீழ கேதீஸ்வரி பீட்ரூட் போட்டிருக்கா. எப்படி வந்திருக்குன்னு பாத்தீங்களா? என் மண்ணு!"

டோரீனக்கா சிரித்த சிரிப்பில் லயத்து நாய்கள் குரைத்தன. புல்லை அவரே பிடுங்கிக் கொடுத்தார். கூட இறங்கிப்போய்க் கானுக்கு மட்டம் பார்க்கக் கயிறும் பிடித்தார்.

கேதீஸ்வரிக்குக் கீழே தோட்டமில்லை, ஆறுதான். ஆற்றோடு யார் போய்ச் சண்டை பிடிப்பது? அவளைப் புல் நட வைக்க றமணன் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார்.