மடுவத்துப் பேச்சை எழுதியவன்

வாசிக்கப்போகிறவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. கண்டியில் ஒரு துணிக்கடையில் மூட்டை கட்டுகிறேன். இத்தனை வருடமாக நான் எழுதியதெல்லாம் மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயர்கள் மட்டுமே. பிழைகளைத் திருத்தத் தெரிந்தவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கடையின் பின்னறையில் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்காருவோம். யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் பேசலாம். பஸ் வராத கதையில் தொடங்கிப் பேச்சு யாருடைய மருமகளிடமோ போய் முடியும். நான் மட்டும் வாய் திறப்பதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், “இவரு கொஞ்சம் கூச்சப்படுவாரு” என்று என்னைக் காட்டிச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் காரணம் கூச்சம் மட்டும் இல்லை. நாலு பேர் கூடிப் பேசிய இடத்தில் சின்ன வயதில் நான் ஒரு காரியம் செய்தேன்.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் கண்டிப் பக்கம் பன்விலைக்கு மேலே இருந்தது. அம்மாவும் அத்தையும் கொழுந்து எடுத்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் லயத்து வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். அப்பாவுக்கும் அத்தையின் கணவரான மாமாவுக்கும் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பெண்கள் நாலு மணிக்கே வந்துவிடுவார்கள். கணக்கப்பிள்ளை தராசோடு வர அரை மணியாவது ஆகும். அதுவரை கூடையைக் கவிழ்த்துப் படங்குச் சாக்கின் மேல் கொழுந்தைப் பரப்பி, முற்றிய இலையையும் காம்பையும் பொறுக்கி வீசிக்கொண்டிருப்பார்கள். கை அந்த வேலையைப் பார்க்கும், வாய் பேசும். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு வீட்டுக்குப் போவதற்காக நானும் அங்கே போய்விடுவேன்.

அந்தப் பேச்சுக்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. கணக்கப்பிள்ளை புதிதாக வாங்கிய சைக்கிளைப் பற்றி ஒருத்தி சொல்வாள். “சைக்கிளு வந்ததும் இன்னும் லேட்டால்ல வாராரு!” என்று இன்னொருத்தி சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் பேச்சு கருவாட்டுக்குப் போய்விடும். ஒருத்தி பாதியில் விட்டதை வேறொருத்தி எடுத்து முடிப்பாள். நடுவில் எழுந்துபோனால் ஏன் போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். ஆனாலும் லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், யாரும் யாரிடமும் சொல்லாமலே அன்று மாலை அந்த வீட்டுக்கு மாவு போயிருக்கும். அதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு மாஸ்டர் வந்தார். வெள்ளிக்கிழமைகளில் மாணவர் மன்றம் நடத்தினார். தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர். சென்ற கூட்டத்தின் அறிக்கையைச் செயலாளர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது யார் குறுக்கிட்டாலும் நிறுத்தக் கூடாது. ஒரு தீர்மானம் என்றால் அதை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் இருக்க வேண்டும். அப்போது என் கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அறிக்கை எழுதும் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடந்தேன். தூங்கும்போதும் அது தலைமாட்டில் இருந்தது.

அந்தப் பெருமையில், மடுவத்தில் நடப்பது கூட்டமே இல்லை என்று எனக்குப் பட்டது. இத்தனை பேர் இவ்வளவு பேசுகிறார்கள், ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையே என்று நினைத்தேன். ஒரு புதன்கிழமை கொப்பியை விரித்துக்கொண்டு அம்மாவின் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வீட்டுப்பாடம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தைக்கு ஒரே மகள். பதின்மூன்று வயது, என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளைக் கண்டியில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விடுவதாக மாமா யாரோ ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மாமா கெட்டவர் இல்லை. மூன்று வேளையும் நல்ல சோறு, காலுக்குச் செருப்பு என்று உண்மையாகவே நம்பினார். அவளோ இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அத்தைக்கும் அவளை அனுப்ப மனம் இல்லை. ஆனால் மாமாவை எதிர்த்து அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அன்று மடுவத்தில் யாரும் அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. கடைசி வீட்டுப் பெரியம்மா இலை பொறுக்கிக்கொண்டே, “மடுல்கெல்லையில என் தங்கச்சிக்கு ரெண்டாவது புள்ள பொறந்திருக்கு. ஒத்தாசைக்கு ஆளில்லாம கெடந்து அல்லாடுறா” என்றார்.

“பக்கத்துலயே பள்ளிக்கூடமும் இருக்குதாமே?”

“வாசல்ல நின்னா மணியடிக்கிறது கேக்கும்.”

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேச்சு ஓடியது. பிறகு வேறொருத்தி, சனிக்கிழமை கோயில் சாமான் ஏற்ற மடுல்கெல்லைக்கு லொறி போகிறது என்றாள். லொறி ஓட்டுவது அவளுடைய தம்பி. “முன்னுக்கு ரெண்டு பேரு ஒக்காரலாம். அவன் யாரு என்னான்னு கேக்கமாட்டான்.”

“சனிக்கெழம ஆம்பளைங்களுக்கு மேமலையில வேல. அந்தியாகித்தான் எறங்குவாங்க.” இதைச் சொன்னது என் அம்மா.

“எங்கூட்டு அலுமாரியில சும்மா ரெண்டு கவுனு கெடக்கு. என் மகளுக்குச் சின்னதாப் போச்சு” என்று இன்னொரு குரல் வந்தது.

அத்தை தலை நிமிரவே இல்லை. பொறுக்க ஒன்றும் இல்லாத கொழுந்தைத் திரும்பத் திரும்பப் பொறுக்கினார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மடுல்கெல்லையில குளிரு கூடத்தான் இருக்கும்” என்றார்.

“கம்பளி நான் தாறேன்டி” என்றார் பெரியம்மா. அவ்வளவுதான். பேச்சு மறுபடியும் கணக்கப்பிள்ளையின் சைக்கிளுக்குப் போய்விட்டது.

எனக்கு எல்லாம் விளங்கியது. நான் கெட்டிக்காரன் அல்லவா? மாஸ்டர் சொல்லித்தந்த முறைப்படி இடம், நேரம் எல்லாம் எழுதினேன். தலைமை என்ற இடத்தில்தான் கை நின்றது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை என்று யாரும் இல்லை. காலியாக விட்டால் மாஸ்டர் பிழை என்பாரே என்று பயந்து அம்மாவின் பெயரைப் போட்டேன். அத்தை மகளைச் சனிக்கிழமை லொறியில் மடுல்கெல்லைக்கு அனுப்புவது என்று தீர்மானம். முன்மொழிந்தவர் கடைசி வீட்டுப் பெரியம்மா. வழிமொழிந்தவர் லொறிக்காரனின் அக்கா. கவுன் கொடுப்பவர் இன்னார், கம்பளி கொடுப்பவர் இன்னார். ஏகமனதாக நிறைவேறியது. யாரும் சொல்லாத சொற்களையெல்லாம் அவர்கள் வாயில் போட்டு எழுதினேன். அடிமட்டக் கோலை வைத்துக் கீழே கோடும் போட்டேன்.

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதனாலேயோ என்னவோ என் படிப்பின் மேல் அவருக்கு அப்படி ஓர் ஆசை.

“என்னா மருமகனே, பெரிய ஐயாமாதிரி கொப்பியும் கையுமா இருக்கீங்க? மாமனுக்கும் கொஞ்சம் வாசிச்சிக் காட்டுங்களேன்.”

நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே அம்மா திரும்பிப் பார்த்தார்.

“டேய், வெறகு எடுத்தா.”

நான் நிறுத்தவில்லை.

“காது கேக்கலையாடா? அடுப்பு அணையுது!”

அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அறிக்கை வாசிக்கும்போது நிறுத்தக் கூடாது என்பதால் நான் சத்தத்தைக் கூட்டினேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வருவதற்குள் கம்பளி வரை வந்துவிட்டேன்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். “நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். பிறகு மெதுவாக, “அந்தச் சனிக்கெழமன்னு வருதே, அந்த எடத்த இன்னொருக்கா வாசிங்க” என்றார்.

நான் இன்னும் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

“அப்போ, தலைவி நீங்கதானா தங்கச்சி?” என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். சுட்ட ரொட்டி கல்லிலேயே கருகிக்கொண்டிருந்தது. மாமா பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் படியில் அவர் கால் வைக்கவில்லை. “எங்க அக்கா குடும்பத்தப் பிரிக்கப் பாத்தியா?” என்று கேட்ட அப்பாவும் வெகுநாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிரவு அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பாடு வைத்தார், திட்டவில்லை. விறகு எடுத்து வராததற்குத்தான் கோபம் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில், பஸ் நிற்கும் வளைவில் மாமாவும் அத்தை மகளும் நின்றார்கள். அவள் கையில் துணி அடைத்த ஒரு பிளாஸ்டிக் சிலிசிலிப் பை. கண் வீங்கியிருந்தது. மாமா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்க நாலு எட்டு முன்னால் போனபோது அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“என் பேரயும் எழுதினியாமே. காட்டு பாப்போம்.”

காட்டினேன். விரலை வைத்துத் தன் பெயரைக் கண்டுபிடித்தாள். வேறு எதையும் வாசிக்கவில்லை. “நல்ல எழுத்துடா ஒனக்கு” என்று கொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். சனிக்கிழமை என்று எழுதினேன், வியாழக்கிழமையே நடக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பஸ் கண்டிப் பக்கம் இறங்கிப் போனது. மடுல்கெல்லை அங்கிருந்து மேலே இருக்கிறது. அந்த வழியில் எத்தனையோ தடவை போய் வந்தவன் நான். அது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வீட்டில் அவள் பதினொரு வருடம் இருந்தாள். இரண்டு தீபாவளிக்கு வந்தாள், பிறகு வரவிடவில்லை என்றார்கள். இப்போது கெலிஓயாவில் கணவர், பிள்ளைகளோடு இருக்கிறாள். என் மகளின் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பாத்திரம் கழுவினாள். அவளுடைய இடது கையில் முழங்கைக்குக் கீழே வெந்துபோன தழும்பு ஒன்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். அத்தை சாகும்வரை என்னிடம், “சாப்பிட்டியா?” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அறைக்குள் போனால் மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிடுவார். ஐந்தாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியது இதனால்தான் என்று சொன்னால் அது பொய். மேல் வகுப்புப் பள்ளிக்கூடம் தூரம், வீட்டில் வசதியும் இல்லை. தண்டனை அனுபவித்தவன்போல இங்கே காட்டிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

எழுத மிகவும் வெட்கமாக இருப்பது இனிமேல் வருவதுதான். அவள் போன அன்று சாயங்காலமும் நான் கொப்பியோடு மடுவத்துக்குப் போனேன்.

பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் வந்ததும் கடைசி வீட்டுப் பெரியம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“வாங்க செயலாளர் ஐயா, ஒக்காருங்க. இன்னைக்கி மழ வரும்போல இருக்கு. எழுதிக்கிட்டீங்களா? நாந்தான் சொன்னேன். மறக்காம என் பேரப் போட்டுக்கங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நான் அவருடைய பெயரைப் போட்டு, மழை வரும் என்று எழுதினேன். அடுத்து யார் பேசுவார்கள் என்று பென்சிலோடு காத்திருந்தேன். யாரும் பேசவில்லை. அத்தை எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா என் பக்கமே பார்க்கவில்லை. பதினைந்து, இருபது பேர் இருந்த இடத்தில் முற்றிய இலை தரையில் விழும் சத்தம்தான் கேட்டது. அரை மணி நேரம் அப்படியே போனது. கணக்கப்பிள்ளை வந்து சைக்கிளை நிறுத்தியவர் ஒரு கணம் திகைத்து, “என்னா, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று கேட்டார். பெண்கள் கொழுந்தை அள்ளிக் கூடையில் போடத் தொடங்கினார்கள்.

நான் கொப்பியை மடியில் வைத்து, இருந்ததிலேயே அழகான எழுத்தில் எழுதினேன்: “இன்றைய கூட்டம் மிகவும் ஒழுங்காகவும் அமைதியாகவும் நடைபெற்றது.” பெண்கள் கடைசியில் கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றும், அதற்கு நானே காரணம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

2025 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை.