விறகு கேட்காத சோறு

அண்ணன் எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, "சிரிப்பாவே எழுதுங்க தம்பி, அவருக்கு அதுதான் புடிக்கும்" என்றார். அண்ணிக்கு நல்ல மனசு. என் நகைச்சுவைக் கட்டுரை எதற்கும் அண்ணன் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைசி வரி வரைக்கும் வாசிப்பார், பத்திரிகையை ஒழுங்காக மடித்து வைப்பார், "இதுக்கும் காசு குடுக்குறாங்களா?" என்று கேட்பார். இப்போது அதைக் கேட்க ஆள் இல்லை.

புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். எங்கள் அப்பா வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் வாசல்படி ஏறுகிறவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். விறகு, ஒரு குடம் தண்ணீர், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆட்டுக்கு ஒரு பிடி புல். வெறுங்கையோடு வந்தால் தட்டு இல்லை. காய்ச்சல்காரருக்கு விலக்கு உண்டா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாட்டு நேரத்தில் காய்ச்சல் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நான் அப்போதே இப்படித்தான். எங்காவது கல்லில் உட்கார்ந்து மேகம் பார்த்துவிட்டுச் சோற்று வாசத்துக்குத்தான் வீடு திரும்புவேன். அண்ணன் இரண்டு சுள்ளிகளோடு வருவார். வாசலுக்கு முன்னால் ஒன்றை என் கையில் திணிப்பார். அப்பா பார்ப்பார். ஆள் இரண்டு, சுள்ளி இரண்டு, கணக்குச் சரி. என் இளமைக்காலச் சோறு முழுவதும் நான் பொறுக்காத விறகில் வெந்தது.

அப்பா காலமானதும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கண்டிக்கு வந்து பைப் வேலை பழகினார். மஹய்யாவயில் ஓர் அறை எடுத்து அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். பிறகு நகரத்தைச் சுற்றியுள்ள மேடு பள்ளமெல்லாம் அவருக்கு வீடுகளாகத் தெரியவில்லை, தண்ணீர் ஏறுமா ஏறாதா என்றுதான் தெரிந்தது. சாவு வீட்டுக்குப் போனாலும் பின்பக்கம் ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் அவரால் அழ முடியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை நிறுத்திவிட்டு வந்துதான் அழுவார். 'பைப் பாஸ்' என்று மூன்று மொழிக்காரரும் அவரை அழைத்தார்கள்.

பொருளாதார நெருக்கடியில் நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையாகிப்போன அந்தக் காலத்துக்குப் பிறகு, அரசாங்க உதவிப்பணம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எங்கள் தெருவில் பேச்சுவார்த்தையே முறிந்திருந்தது. பங்குத்தந்தை அதைப் பட்டிமன்றமாக்கினால் சண்டை குறையும் என்று நம்பினார். 'எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் மாதப்பணம் கொடுத்தால் உழைப்பு அழியுமா?' அழியாது என்ற அணிக்கு நான் தலைவன். அழியும் என்ற அணிக்கு அண்ணன். நான் நான்கு புத்தகங்களோடு போனேன். பட்டினிக்குப் பயந்து செய்வதற்குப் பெயர் உழைப்பல்ல, பயம் என்றெல்லாம் பேசினேன். எனக்கே கண் கலங்கியது.

அண்ணன் எழுந்தார். "ஃபாதர், தம்பி மாதிரி எனக்குப் பேச வராது. இந்த ஆராய்ச்சிய எங்க வீட்டுலயே செஞ்சு பாத்துட்டோம். இவன் கெம்பஸ்ல இருக்கிறப்ப மாசம் தவறாம காசு அனுப்புனேன். எப்ப எந்திரிக்கிற, என்னா படிக்கிறன்னு ஒரு கேள்வி கேக்கல. இப்ப என்னாச்சு? மாசத்துக்கு நாலு கட்டுரை எழுதிட்டு முதுகு வலிக்குதுங்கிறான்."

மண்டபம் அடங்க நேரமெடுத்தது. தீர்ப்பை நான் எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அண்ணனே தேநீர் வாங்கித் தந்தார். அதையும் நிபந்தனையில்லாமல்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு குழறலாகத் திரும்பி வந்தது, கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பட்டிமன்றத்தில் அவர் பேசியதை அவர் உண்மையாகவே நம்பியிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அண்ணி வைத்த தட்டை இடது கையால் தள்ளிவைத்தார். பசிக்கவில்லை என்றார். பசித்தது. அடுத்த அறையில் இருந்த எங்களுக்கே அது கேட்டது.

அண்ணிதான் முதலில் கண்டுபிடித்தார். சோற்றுக்கு முன்னால் கொஞ்சம் உள்ளிப்பூண்டை அவர் மடியில் போட்டு, "இத உரிச்சுக் குடுங்க, எனக்கு நேரமில்ல" என்பார். இடது கையாலும் பல்லாலும் உரித்துத் தந்துவிட்டு அண்ணன் சாப்பிடுவார். எங்கள் வீட்டு ரசத்தில் பூண்டு மிதந்தது. சில மாதங்களில் இடது கையும் நடுங்கத் தொடங்கியது. பூண்டு உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அன்றிலிருந்து தட்டு அப்படியே திரும்பி வந்தது. அவர் எலும்பாகிக்கொண்டு வந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடினேன். குழந்தை வேலை செய்தா சாப்பிடுகிறது என்றேன். "அது வளந்து செய்யும்" என்றார். இவ்வளவு காலம் உழைத்தீர்களே என்றேன். "அதுக்கு அப்பவே சாப்பிட்டாச்சு" என்றார். வாழ்க்கையில் நான் வெல்ல வேண்டியிருந்த விவாதம் அது ஒன்றுதான். அதற்கு எந்தப் புத்தகமும் உதவவில்லை.

ஒருநாள் மத்தியானம் அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் பின்பக்கம் போய்க் கொய்யா மரத்தடியில் கிடந்த சுள்ளிகளில் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டிலருகில் நின்று, ஒன்றை அண்ணனின் இடது கையில் வைத்து விரல்களை மூடிப் பிடித்தேன். மற்றதை என் கையில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் சுள்ளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, வாயின் ஒரு பக்கத்தால் மட்டும், சிரித்தார். இத்தனை வருட எழுத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு.

"கட்சி மாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லடா" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சோத்துக்கு வெறகு வந்துருச்சு. யாரு கொண்டாந்தா என்னா."

வாயைத் திறந்தார். அண்ணி ஊட்டினார். மறுசோறும் கேட்டார். அதன்பின் ஒவ்வொரு வேளையும் அவர் கையில் அந்தச் சுள்ளி இருந்தது. நாட்கள் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் மிஞ்சிய நாட்களில் எங்கள் அண்ணன் பசியோடு இருக்கவில்லை. சவப்பெட்டியை மூடும்போது செபமாலையோடு அதையும் அண்ணி அவர் கையில் வைத்தார். பங்குத்தந்தை பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் முகம் சுளிக்காமல் கவனித்த தாதிமாருக்கும், அண்ணனிடம் வேலை பழகி அவரையே தோளில் சுமந்தவர்களுக்கும், அலவத்துகொடயிலிருந்து வாரம் தவறாமல் வந்து, நாக்குக் குழறியவரோடு ஒரு மணிநேரம் பேசிவிட்டுப் போன, அண்ணனுக்குப் பைப் விற்ற வன்பொருள் கடை முஸ்லிம் நானாவுக்கும், எங்கள் தெருவாருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறோம்.

நினைவுத் திருப்பலிக்குப் பிறகு வீட்டில் மதியச் சாப்பாடு இருக்கிறது. பழம், பிஸ்கட் என்று எதையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பரிமாற எழும்பாதீர்கள், தட்டுக் கழுவப் போகாதீர்கள். வெறுங்கையோடு வந்து உட்காருங்கள், வயிறு நிறையச் சாப்பிடுங்கள். உங்கள் எல்லோருக்குமான விறகை அண்ணன் முன்பே கொண்டுவந்து போட்டுவிட்டார்.