பெரியப்பா வயர், மச்சான் வயர்

மூன்று பட்டறைகள் “வயர் வேலைக்கு நீ லாயக்கில்ல” என்று திருப்பி அனுப்பிய பிறகு நான்காவது பட்டறையில், சுவரோரமாக ஒரு மேசை. வெள்ளத்தில் மூழ்கி, எடைக்குப் போகவேண்டிய ஒரு பேருந்தை மறுபடியும் சாலையில் ஓடவைத்த நல்ல பேர். சிவப்புப் புடவை கட்டியிருந்த ஒருத்தியிடம் “பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கு” என்று அசடு வழிந்த பிறகும் அவளையே மனைவியாக அடைந்த அதிர்ஷ்டம். தம்பி வென்றவை இவை. சிவப்பு அவன் கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும். சில நேரம் பச்சையோடு கலந்துவிடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் வென்றான்.

கையெழுத்து ஒன்றுதான் பாக்கியிருந்தது. அந்தப் பட்டறையில் வேலை முடித்தவர் காரின் பானட்டைத் தூக்கி, அதன் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட வேண்டும். வண்டி நடுவழியில் நின்றால் யாருடைய சட்டையைப் பிடிப்பது என்பதற்கான ஏற்பாடு அது. தம்பி செய்த வேலைக்கெல்லாம் மேஸ்திரிதான் கையெழுத்துப் போட்டுவந்தார். “கலர் தெரியாதவன் பேரைப் பார்த்தா வண்டிக்காரன் பயந்துடுவான்டா” என்பார். கெட்ட மனசு கிடையாது, பயம்தான்.

அவனுக்குத் ‘தம்பி’ என்று பேர் வைத்தது பக்கத்து அறையில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் அவன் அக்கா. தையல் மிஷினில் உட்கார்ந்தபடி அவள் கூப்பிட்டது பட்டறை முழுக்க ஒட்டிக்கொண்டது. அவனுக்கு மூத்த மேஸ்திரிக்கும் தம்பி, அவனைவிட இளைய முதலாளிக்கும் தம்பி. ஒருநாள் அவன் மனைவியே போனில், “தம்பி இருக்காரா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நீலச் சட்டைதான் போடுவான். நீலம் மட்டும் அவனை ஏமாற்றியதில்லை. தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவான். வயர்க் கொத்துக்குள் கையை விட்டால் கண்ணை மூடிக்கொள்வான். விரல்கள் ஒவ்வொரு வயராகத் தள்ளித் தள்ளிப் போய், வேண்டியதை இழுத்துக்கொண்டு வரும். கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்ப் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும். “ரெண்டு சாட்சி இல்லாம எந்த வயரையும் நம்ப மாட்டேன்” என்பது அவன் கொள்கை. கண்ணால் பார்த்த நிறம் சாட்சியில் சேராது.

வயர்களுக்கு அவன் வைத்திருப்பது உறவுமுறைப் பேர்கள். பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த வயர் பெரியப்பா. “எப்பப் போனாலும் வீட்ல இருப்பாரு.” சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயர் மச்சான். “கூப்பிட்டாத்தான் வருவாரு.” ஸ்டார்ட் பண்ணும்போது முழுக் கரண்டும் கொடுத்து, அப்புறம் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் வயர் சித்தப்பா. “வாக்குல தாராளம், கைக்கு வர்றப்ப பாதி.” எர்த் வயர் அம்மா. எல்லாரும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி டேப்பை ஒட்டி, ஆளுக்கேற்ப ஓரத்தை வெட்டி அடையாளம் வைப்பான்.

“என் கத்திரிக்கோல எடுக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது? டேப் வெட்டி வெட்டி முனை மழுங்கிப் போச்சு.”

“டேப்தானே அக்கா, இரும்பா?”

“சரி, இத்தனை சொந்தக்காரங்க இருக்காங்களே, அக்கா எங்கடா?”

“நீதான் ஃபியூஸு. வீட்ல ஏதாவது ஆனா முதல்ல எரியுறது நீதானே!”

அந்த வெள்ளிக்கிழமை ஒரு புகைப்படக்காரர் தன் பழைய காரோடு வந்தார். மழை ஈரம் பட்டால் கிளம்பாது. கிளம்பினால் இருமிக்கொண்டே ஓடும். எஞ்சினுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட் தேய்ந்து தேய்ந்து பொறி பலவீனமாகிவிட்டது. அதற்காக ஒரு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியை வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். இனிமேல் பாயிண்ட் சைகை மட்டும் காட்டினால் போதும். பொறிக்கான பலத்தைப் பெட்டி கொடுக்கும். மறுநாள் காலையில் அவருக்கு வெளியூரில் வேலை. பெட்டியோடு வந்த தாளில் எல்லாமே நிறமாக இருந்தது: சிவப்பு இங்கே, கருப்பு அங்கே. மாற்றிக் கொடுத்தால் பெட்டி அந்த நொடியே கருகிவிடும்.

மேஸ்திரி வழக்கமான விளையாட்டை அன்றைக்கும் விளையாடினார். “தம்பி, அந்தச் சிவப்புத் துணிய எடு.” தம்பி கருப்பை எடுத்துக் கொடுத்தான். புகைப்படக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

“ஏங்க, இவருக்குக் கலரே தெரியாதா? இவர்கிட்டயா என் வண்டிய விடுறது?”

மேஸ்திரி துணியை மடித்தபடி முதலாளியைப் பார்த்தார். “விளையாட்டு விளையாட்டா இருக்கட்டும் முதலாளி. இந்தப் பெட்டி எனக்கும் புதுசு. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

தம்பி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “கலர நீங்க பாத்துக்குங்க சார். கரண்ட நான் பாத்துக்கறேன்.”

“முடியுமா தம்பி?” என்றார் முதலாளி.

“முடியும்.”

“அப்ப நீயே போடு கையெழுத்து. ஆனா ஒண்ணு, சொதப்பினா இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

பக்கத்து அறையில் தையல் மிஷின் நின்றது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, சூடும் தண்ணீரும் படாத இடமாகப் பார்த்துப் பெட்டியைப் பொருத்தினான். எந்த வயர் எந்தத் துளையிலிருந்து வருகிறது என்பதற்குத் தாளிலிருந்த படம் ஒரு சாட்சி. மீட்டர் இன்னொரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போன பிறகே டேப் ஒட்டினான். தடித்தவை இரண்டும் பேட்டரிக்கு. மெல்லியவற்றில் ஒன்று பாயிண்டுக்கு, இரண்டு பொறியை உண்டாக்கும் காயிலுக்கு, கடைசி ஒன்று மச்சானுக்கு. “சித்தப்பா இதுக்கு ஆக மாட்டாரு” என்று முணுமுணுத்து அவரை ஒதுக்கிவிட்டான். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான். பேட்டரியை மாட்டிவிட்டு, “போடுங்க சார் சாவிய” என்றான்.

தொட்டதும் பிடித்துக்கொண்டது எஞ்சின். இருமல் இல்லை, உதறல் இல்லை. புகைப்படக்காரர் வாயெல்லாம் பல்லாகச் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“சாவி என் கையில இருக்கு!” என்று அலறினார். “என்னங்க இது, நிக்க மாட்டேங்குது!”

“நினைச்சேன், மாத்திக் குடுத்துட்டான்” என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார். அக்கா கதவுக்கு வந்துவிட்டாள். கையில் ஊசி இருப்பதையே மறந்து விரலை மூடி, குத்திக்கொண்டாள்.

தம்பி ஓடுகிற எஞ்சின்மேல் குனிந்து கண்ணை மூடிக் காது கொடுத்தான். பிறகு அவன் முகத்தில் சிரிப்பு பரவியது.

“மாத்திக் குடுத்திருந்தா பெட்டி இந்நேரம் புகைஞ்சிருக்கும்ணே. மச்சான் கிளம்பிப் போயாச்சு. அவரோட கதவு வழியா வேற யாரோ உள்ள வர்றாங்க.”

கையை நீட்டி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பின்னாலிருந்த ஒரு சின்ன வயரை உருவினான். எஞ்சின் அந்த நொடியே நின்றது.

“சார்ஜ் லைட்டு வயரு. எஞ்சின் ஓடுறப்ப இதுல கொஞ்சூண்டு கரண்ட் திரும்பி வரும். பழைய காயிலுக்கு அது பத்தாது, சாவிய எடுத்தா நின்னுடும். பெட்டிக்கு அந்தத் துளியே போதும், சாவி இருக்குன்னு நினைச்சுக்குது.”

தகர டப்பாவைக் கிளறி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டயோடை எடுத்தான். “ஒருவழிப் பாதை. போகலாம், திரும்பி வர முடியாது.” மீட்டரில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, அந்த வயரின் நடுவே பற்றவைத்து, டேப்பைச் சுற்றினான்.

சாவியைப் போட்டார்கள், ஓடியது. எடுத்தார்கள், நின்றது. நம்பாமல் புகைப்படக்காரர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். கடைசியில் முதலாளியே, “போதும் சார், பேட்டரி பாவம்” என்றார்.

மேஸ்திரி பெயிண்ட் டப்பாவைத் திறந்து தம்பியிடம் நீட்டினார். “பிடி. எனக்கு வேலை மிச்சம்.” பானட்டின் தாங்கு கம்பி லொடலொடத்தது. அவரே இரண்டு கையாலும் பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

தம்பி பிரஷைத் தோய்த்துவிட்டு அப்படியே நின்றான். “அக்கா, இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிடா! நிதானமா எழுது, வழிய விடாத.”

“சீக்கிரம் எழுதுடா, தோள் கழண்டுடும் எனக்கு” என்றார் பானட்டுக்கு அடியிலிருந்து மேஸ்திரி.

தம்பி அவசரப்படவில்லை. இனிஷியலை வைத்து, முழுப் பேரையும் எழுதி, கடைசி எழுத்தின் வாலை வளைத்து அடியில் ஒரு கோடாக இழுத்தான். ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தான். மறுபடி பிரஷைத் தோய்த்து, கோட்டுக்குக் கீழே எழுதினான்: 14-6-2019.