மஞ்சள் பட்ட விரிசலும் யூசுப் தம்பியும்

இன்று காலை வாய்க்கால் மேட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், கொழுந்தன் மனைவி பாண்டியம்மாள், கொத்தனார் முருகேசன் அண்ணன். வேறு யாரும் இல்லை.

யூசுப் தம்பி இறந்த செய்தி நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது...

முருகேசன் அண்ணன் சிமெண்ட் வாய்க்கால் விரிசலில் உளியை வைத்துவிட்டார். "செத்த பொறுங்கண்ணே, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்" என்று நான்தான் போன் போட்டேன்.

எடுத்தது யூசுப் தம்பியின் அண்ணன். "தம்பி மவுத்தாயிட்டான்மா. விடியக்காலம் நெஞ்சு வலி... சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்."

உளி அப்படியே நின்றது. ஸ்பீக்கரை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யூசுப் தம்பி அருப்புக்கோட்டைக்காரர், மதுரைப் பக்கம் ஒரு காலேஜ் லேபில் வேலை.

சிமெண்டில் விழும் விரிசலை பாக்டீரியாவை விட்டு அடைக்கிற வேலை அவருடையது. திருச்சுழிப் பக்கம் உள்ள எங்கள் கண்மாய் வாய்க்காலில் செய்து பார்க்கிறேன் என்று அவராகத் தேடி வந்தார்.

எங்கள் வயல்தான் கடைசி வயல். மடை திறந்தால் பாதித் தண்ணீர் விரிசல் வழியே மண்ணுக்குள் போய்விடும், மிச்சம் வந்து சேர்ந்தால்தான் எங்களுக்கு நெல்.

அவர் முதல் நாள் கேனோடு வந்து இறங்கியபோது பாண்டியம்மாள் சும்மா இருக்கவில்லை. "ஏக்கா, ஊரே கிருமிக்குப் பயந்து பினாயில் ஊத்துது. நீ வெத்தலை பாக்கு வச்சு கிருமிய வீட்டுக்குக் கூப்புடுற!"

தம்பிக்குச் சிரிப்பு. "தயிருக்கு ஒறை ஊத்துற மாதிரிதான்க்கா. இவுக தீனியத் தின்னுட்டு சுண்ணாம்பக் கக்குவாக, அது விரிசல அடைக்கும்."

"கிருமிக்கு 'இவுக'ளா! என் வீட்டுக்காரருக்கே நான் அம்புட்டு மரியாதை குடுக்கிறதில்ல தம்பி..."

அன்றிலிருந்து அந்தக் கிருமிகளுக்கு நாங்கள் வைத்த பெயரே 'இவுக'. தீனித் தண்ணியை ஸ்பிரே அடித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடுவது என் வேலை. பால்காரருக்குக் குறிக்கும் காலண்டரிலேயே அதையும் குறித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வாய்க்காலில் எந்த வேலை நடந்தாலும் பெண்கள் மஞ்சள் கரைத்துத் தெளித்துக் கும்பிடுவோம். நானும் ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, கருப்பசாமியை நினைத்து, விரிசல் நெடுகத் தெளித்துக்கொண்டே போனேன்... பாதி தூரத்தில் மஞ்சள் தீர்ந்துவிட்டது.

மறுநாள் தம்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "அக்கா, வீட்டுல மஞ்சத் தண்ணி எதுக்குத் தெளிப்பீக?"

"கிருமி அண்டாம இருக்க..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எல்லாரும் செத்துட்டாகளா தம்பி?"

"அப்புடிச் சட்டுன்னு சாக மாட்டாக. தூங்குவாக. பாப்போம்" என்றார். ஒரு கோபம் இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை.

பிறகு நடந்ததுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை. மஞ்சள் பட்ட பாதியில் வெள்ளையாகக் கோடு விழுந்து விரிசல் மூடிக்கொண்டது, படாத பாதி அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

தம்பி வெயிலில் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் போட்டோ, அந்தப் பக்கம் போட்டோ.

"கருப்பன் காத்துட்டான்" என்றேன் நான். "இருக்கலாம்க்கா. மூடுன பக்கம் மர நிழலு, ஈரம் காயாம நின்னுருக்கும், அதாவும் இருக்கலாம். நெசமாவே எனக்குத் தெரியலை. சுரண்டி எடுத்துட்டுப் போறேன், லேபுல பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கொத்தீராதீக."

படித்த மனுஷன் தெரியலை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வந்து சொல்லவில்லையே...

முருகேசன் அண்ணன் சொல்கிறார்: "அது உப்புப் பூத்துருக்கு தங்கச்சி, நம்ம மண்ணு உவரு மண்ணு. தண்ணி வந்தா கரைஞ்சு ஓடிரும். முழுசாக் கொத்திட்டு சிமெண்டு வச்சுருவோம்."

வீட்டுக்காரர் சொல்கிறார்: "இருந்த வரைக்கும் அவரு பேச்சக் கேட்டோம். இனி யாரப் போயி கேக்க?"

மத்தியானம் வீட்டுக்காரர் கிளம்பி அருப்புக்கோட்டைக்குப் போய் வந்தார். பஸ் ஸ்டாண்டில் ரோசாப்பூ மாலை வாங்கிப் போயிருக்கிறார், அங்கே மாலை போடும் வழக்கமில்லை என்று ஒரு பெரியவர் பக்குவமாகச் சொன்னாராம். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மாலையோடு திரும்பி வந்தார்.

அது இப்போது வாளித் தண்ணீரில் கிடக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் வைக்கலாம் என்று எடுத்துப் போனேன்... பூவுக்கு என்ன மருந்து அடித்திருப்பார்களோ, 'இவுக'ளுக்கு ஆகுமோ ஆகாதோ. கொண்டுவந்துவிட்டேன்.

கேனில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அசைத்துப் பார்த்தேன், உயிரோடு இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

யூசுப் தம்பி, உங்கள் இறைவன் உங்களை நிழலில் வைத்திருக்கட்டும். இங்கே சாக்கு ஈரமாகத்தான் இருக்கிறது.

அவரோடு லேபில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: அது சுண்ணாம்பா, உப்பா? கொத்தலாமா, விடலாமா? கேனில் இருப்பதை ஊற்றலாமா?

வெள்ளிக்கிழமை மடை திறக்கிறார்கள். முருகேசன் அண்ணன் வியாழக்கிழமை காலையில் உளியோடு வருவார். அதற்கு முன்னால் பதில் போடுங்கள்.