மிட்டாய்க் கும்பலின் பாஸ்

“அரைக் கிலோ தக்காளி. அழுகல் வேண்டாம்” என்று எழுதிய சீட்டைப் பாஸ் நீட்டினார். கடைக்காரர் அதை வாங்கி, திருப்பி, பின்பக்கமும் பார்த்தார்.

“என்ன பாஸ், வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சா?”

பாஸ் தொண்டையைத் தொட்டுக் காட்டி மூன்று விரலை நீட்டினார்.

“மூணு நாளா? எங்க வீட்டம்மாவுக்கும் அந்த வித்தையச் சொல்லிக் குடுங்களேன்.”

சிரித்தாலும் தொண்டை அசையும். உதட்டை மடித்துக்கொண்டு தக்காளி பொறுக்கினார்.

பின்னணிக் குரல் கொடுப்பது அவர் தொழில். முக்கியமான பதிவுக்கு முன்னால் மூன்று நாள் வாய் திறக்கக் கூடாது, நான்காம் நாள் ஒத்திகை, ஐந்தாம் நாள் மைக்: அவர் காலத்துக் குரல்காரர்கள் வைத்திருந்த ஒழுங்கு இது. அக்கா வீட்டில் கும்பலாக இருந்தபோது அந்த மூன்று நாளும் பெரும்பாடு. பிள்ளைகள் வேண்டுமென்றே கிச்சுகிச்சு மூட்டுவார்கள், அக்கா வேண்டுமென்றே சண்டைக்கு இழுப்பாள். இப்போது அக்கா இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு பிளாஸ்க். இந்தத் தடவை மூன்று நாளும் தாமாகவே கழிந்தன. அவர் பேசவில்லை என்பது கடைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

ஒரு காலத்தில் அந்தக் குரல் இல்லாத வீடு கிடையாது. தாதா படங்களைக் கிண்டலடித்து எடுத்த ஒரு பாட்டுப் படத்தில் வந்த குரல் அது. நடித்த அத்தனை பேரும் பன்னிரண்டு வயதுக்குள். அப்பாவின் கோட்டு, கரியால் வரைந்த மீசை, மூன்று சக்கர சைக்கிளில் துரத்தல். துப்பாக்கியைச் சுட்டால் சோப்பு நுரை வரும், கடத்தும் சரக்கு மிட்டாய். தலைவனாக வந்த பையன் நன்றாக முறைத்தான். வாயைத் திறந்தால் கதவுக் கீல் போலக் கீச்சென்றான். அதனால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி அவனுக்காகப் பேசினாள், பாடினாள். “எவன்டா என் மிட்டாய் மேல கை வச்சது? போடுங்கடா அவன் மேல நுரைய!” என்று தெருவுக்குத் தெரு பிள்ளைகள் கத்தித் திரிந்தார்கள். சுவரொட்டியில் பையன் இருந்தான். குரலுக்கு உரியவரின் பெயர் படத்தின் கடைசியில், எல்லோரும் காலால் செருப்பைத் தேடும் நேரத்தில் வந்து போயிற்று. ‘பாஸ்’ என்ற பெயர் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

குரலை அவர் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். ஏதாவது விற்க யாராவது கதவைத் தட்டினால், உள்ளிருந்தபடியே, “அம்மா வீட்ல இல்ல அங்கிள்! கதவத் திறந்தா உதைப்பாங்க!” என்பார். வந்தவர் அடுத்த வீட்டில், “பாவம், பையனைத் தனியா விட்டுட்டுப் போயிருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போவதும் உண்டு.

அந்தப் படத்தைத் துடைத்து எடுத்து மறுபடி திரையிடப் போகிறார்கள். அதில் ஏழு நிமிடத்துக்குத் தலைவன் குரல் மட்டும் இல்லை. அந்தக் காட்சிக்கு மற்றவர்கள் குரல் கொடுத்த அன்று பாஸுக்கு ஜலதோஷம். மறுநாள் தனியாக வந்து பேசினார். அந்த நாடாவில் பூஞ்சை ஏறிவிட்டது. ஒலிப்பதிவு செய்யும் தம்பி போனில் மரியாதையாகத்தான் சொன்னான்.

“வெள்ளிக்கிழமை வந்து பேசிப் பாருங்க மேடம். வரலேன்னாலும் கவலப்படாதீங்க. உங்க பழைய குரல வச்சு கம்ப்யூட்டரே பேசிரும். ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

“அப்ப நான் எதுக்குப்பா?”

“அதுக்கில்ல மேடம்...” என்று இழுத்தான்.

போனை வைத்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. அந்த ஏழு நிமிடத்தையும் தன் வாயால் பேசிவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒத்திகைக்கு நின்றார். கை இடுப்பில், மோவாய் மேலே. குதிகாலைத் தூக்கினால்தான் குரலில் பையன் வருவான். முழங்கால் கெஞ்சியும் தூக்கினார். “எவன்டா” என்ற இடத்தில் வெறும் காற்று வந்தது. “மிட்டாய்” நடுவில் உடைந்தது. பத்து தடவை முயன்றும் பையன் வரவில்லை.

அறுபத்தெட்டு வயதுக்கு அவர் உடம்பு திடமானது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வலது மூட்டு மட்டும் கொஞ்சம் தேய்மானம், மாத்திரையை வேளை தவறவிடுவதில்லை. அதனால் பதறாமல் தொண்டை டாக்டரிடம் போனார். அந்த அம்மாள் குழாயை விட்டுப் பார்த்தார்.

“எல்லாம் சுத்தமா இருக்கு. கடைசியா எப்பம்மா அரை மணி நேரம் சேர்ந்தாப்ல பேசினீங்க?”

“ஞாயித்துக்கிழமையானா அக்கா பொண்ணு போன் பண்ணுவா.”

“அரை மணி நேரமா?”

“ரெண்டு நிமிஷம். சாப்டியாம்பா. சாப்ட்டேம்பேன்.”

“அதுக்கு முந்தி?”

பாஸ் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். டாக்டர் பேனாவை மூடினார்.

“நாள் பூரா கத்தறவங்களுக்குத்தாம்மா ஓய்வு. ஏற்கெனவே சும்மா கிடக்கற குரல இன்னும் மூணு நாள் பூட்டி வச்சா துருப்பிடிக்காம என்ன செய்யும்? போய்ப் பேசுங்க.”

“யார்கூட?”

அதற்கு மாத்திரை இல்லை. உப்பு வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா மகளைக் கூப்பிட்டார்.

“சித்தி! என்னாச்சு? விழுந்துட்டியா?”

“விழலடி. சும்மாதான்.”

“சும்மான்னா?”

“சும்மா பேசலாம்னு.”

“மீட்டிங்ல இருக்கேன் சித்தி. ஞாயித்துக்கிழமை பண்றேனே.”

அடுத்ததாக கேஸ் கம்பெனியின் புகார் எண். “உங்க புகாரைச் சொல்லுங்க மேடம்” என்றாள் ஒரு பெண்.

“புகார் ஒண்ணுமில்லம்மா. சிலிண்டர் ஒழுங்கா வருது, அடுப்பு நல்லா எரியுது. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்.”

இதை எந்தக் கட்டத்தில் பதிவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. பாஸ் அவளைப் பன்னிரண்டு நிமிடம் விடவில்லை. பிறகு கடைக்காரரிடம் போய்த் தக்காளியில் தொடங்கி, அவர் மச்சினனின் கல்லீரல் வரை பேசினார்.

“பாஸ், சீட்டு எழுதிக் குடுத்தீங்க பாருங்க, அந்தப் பழக்கத்த மட்டும் விட்டுறாதீங்க” என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவர் கடையை அடைக்கும்போது குரலில் பாதி திரும்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை. கம்பளம் ஒட்டிய சுவர்கள், ஒரு மைக், ஒரு நாற்காலி, கண்ணாடிக்கு அப்பால் தம்பி. திரையில் சண்டையில் தோற்ற நான்கு பொடியன்கள், தலையெல்லாம் நுரையோடு, கவிழ்ந்த தள்ளுவண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாஸ் ஹெட்போனை மாட்டினார்.

“பாஸ், தோத்துட்டோமா?” என்றது காதில் ஒரு குரல்.

மற்ற மூன்று பையன்களுக்கும் பெண்கள்தான் பேசியிருந்தார்கள். ஒருத்தி இறந்து ஆறு வருடம். ஒருத்தி மகளோடு வெளிநாடு போனாள்; எண் மாறிவிட்டது. மூன்றாமவள் இப்போது கண்ணாடியைப் பார்த்து ‘நீ யாரு’ என்று கேட்கிறாள். காதுக்குள் மூன்று பேரும் முப்பது வயதில், பக்கத்தில் நின்றார்கள்.

முதல் தடவை பாஸின் குரல் கரகரத்தது. இரண்டாம் தடவை பாதியில் அறுந்தது. மேஜைமேல் கையெழுத்துக் காகிதம் தயாராக இருந்தது. மூன்றாம் தடவை செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தூக்கினார்.

“பாஸ், தோத்துட்டோமா?”

“எவன்டா சொன்னான்? நுரை காயட்டும், பாத்துக்கலாம்.”

“பசிக்குது பாஸ்.”

“இருக்கறது ஒரே மிட்டாய். நாலா உடைடா.”

பையன் வந்துவிட்டான். வசனத்தில் இல்லாத ஒரு சிரிப்பை அன்று எவளோ அடக்க முடியாமல் சிரித்திருந்தாள். அதுவும் நாடாவில் இருந்தது. பாஸ் அதற்கும் இடம் விட்டுப் பேசினார். ஏழு நிமிடமும் ஓடி முடிந்தது.

“சூப்பர் பாஸ்!” என்றான் தம்பி. அவன் வாயிலிருந்து ‘மேடம்’ போய்விட்டிருந்தது. “கம்ப்யூட்டருக்கு இனி வேலையில்ல. கிளம்பலாம்.”

“இன்னொரு தடவ போடு.”

“நல்லா வந்திருக்கு பாஸ். எதுக்கு?”

“போடுன்னா போடேன்டா.”

தம்பி படத்தைப் பின்னுக்கு ஓட்டினான். கண்ணாடிக்கு அப்பால் பாஸ் மைக்கைச் சுவர்ப்பக்கமாகத் தள்ளி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை இரண்டு உள்ளங்கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.