நெடுஞ்சாலையில் மாமன் முகம்

காலை ஆறு மணி, சிங்காநல்லூர். தூத்துக்குடியிலிருந்து இரவு முழுக்கப் பேருந்தில் வந்தும் எனக்குத் தூக்கம் துளியும் இல்லை. கல்லூரித் தோழன் சரவணனுக்குக் கருமத்தம்பட்டியில் கல்யாணம். வழியில் பீளமேட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு என்னுடையது. அவர் வந்தால்தான் கல்யாணம் களைகட்டும்; வந்தது வெளியே தெரிந்தால் அவர் பிழைப்பு அம்போ.

மணப்பெண்ணை இங்கே எல்லோரும் மலர் என்கிறார்கள். சொந்தப் பெயரையும் நாட்டின் பெயரையும் எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றே ஆளும் நாடு. முணுமுணுத்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரே போய்ச் சொல்லிவிடுவார். தறி இயந்திரம் பூட்டப் போன சரவணனுக்கு மொழிபெயர்க்க வந்தவள், அனுமதி கேட்காமல் அவனோடு புறப்பட்டு வந்துவிட்டாள். அவளை வளர்த்த தாய்மாமன் கட்சிக்காரர். "இவளுக்கும் எனக்கும் உறவில்லை" என்று கட்சியில் அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த மாமன்தான் இப்போது ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்கு அரசுக் குழுவோடு வந்து பீளமேட்டில் தங்கியிருந்தார்.

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன் உரிமை. சரவணனின் அம்மா வேறொருவரை மாமனாக நிறுத்தத் தயாராக இருந்தார். மலர் ஒப்பவில்லை. "எனக்குத்தான் மாமன் இருக்காருங்களே அத்தை!" என்றாளாம்.

எட்டரை மணி. குழுவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, போனை அறையிலேயே விட்டு, முகக்கவசத்தோடு மாமன் எங்கள் காரில் ஏறினார். ஓட்டியவன் சரவணனின் நண்பன் முருகேசன். பதினெட்டு கிலோமீட்டர். நீலாம்பூர் தாண்டியதும் சாலை விரிந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நம்ம சார்புல ஒரு சர்ப்ரைஸ் இருக்குதுங்க சார்," என்றான் முருகேசன்.

கருமத்தம்பட்டி மண்டப வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ். 'தாய்மாமன் அவர்களே வருக! வருக!' நடுவில், நெடுஞ்சாலையைப் பார்த்துச் சிரிக்கும் மாமன் முகம்.

"மலரு ரூம்ல இருந்த போட்டோவ வெச்சு அடிச்சுப்போட்டேனுங்க!"

மாமன் வெளிறிப்போனார். "இன்னும் ஐந்து நிமிடத்தில் எங்கள் பேருந்து திருப்பூர் மில்லுக்கு இந்த வழியாகத்தான் போகும். திருப்பி விடுங்கள்," என்றார் ஆங்கிலத்தில். நான் தமிழில் சொன்னதும் முருகேசன் முகம் சுண்டிவிட்டது.

"ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க!" என்று பட்டு வேட்டியை மடித்துக்கட்டிச் சவுக்குக் கம்பத்தில் ஏறினான். எதிர்த் தறிக்கூடத்து ஆட்கள் கத்தரியோடு ஓடிவந்தார்கள். கயிறு ஒவ்வொன்றாக அறுந்தது. தூரத்தில் கண்காட்சி ஸ்டிக்கர் ஒட்டிய பேருந்து தெரிந்தது. மாமன் இருக்கைக்குக் கீழே சுருண்டார். கடைசிக் கயிறு அறுந்து, ஃப்ளெக்ஸும் முருகேசனும் சேர்ந்தே விழுந்தார்கள். பேருந்திலிருந்து இரண்டு பேர் சிரித்துக்கொண்டே படமெடுத்தார்கள். அந்தப் படங்களில் பதிந்திருப்பது, முகப்பக்கம் உள்ளே மடங்கிய வெள்ளைச் சுருளுக்குள் உருண்ட முருகேசன் மட்டும்தான்.

பேருந்து மறைந்ததும் மாமன் தாமே கதவைத் திறந்து இறங்கினார். மண்டபத்தில் சரவணனின் அம்மா மைக்கைப் பிடித்தார். "ஏனுங்க, எல்லாரும் போனை உள்ள வெச்சுப்போடுங்க. சாமி காரியமுங்க." ஒரு போன்கூட மேலே எழவில்லை.

மாமன் முகக்கவசத்தைக் கழற்றினார். பட்டம் கட்டும்போது தன் மொழியில் ஏதோ சொன்னார். மலர் அழுதுகொண்டே எங்களுக்குச் சொன்னாள்: "உறவில்லைன்னு கையெழுத்துப் போட்ட அதே கையாலதான் கட்டுறேன்னு சொல்றாருங்க." எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

திரும்பும்போது பலகாரப் பையை வாங்க மறுத்தார். ஹோட்டலுக்குக் கொண்டுபோக முடியாதே. வயிற்றுவலிக்காரர் காரிலேயே இரண்டு லட்டைத் தின்று, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் ஊர் கிளம்புமுன் சரவணன் வீட்டுக்குப் போனேன். ஃப்ளெக்ஸை எரித்துவிடலாம் என்றானாம் முருகேசன், மலர் விடவில்லை. ஒழுகும் தறிக்கொட்டகைக் கூரைமேல் அதை விரித்து, ஓடு பிரித்த இடத்தில் முகம் வருமாறு கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். வெளியே பார்த்தால் வெறும் வெள்ளை. உள்ளே அண்ணாந்தால் மாமன் சிரிக்கிறார். எங்கள் ஊரில் மாமன்மார் ஊருக்கு முகம் காட்டத்தான் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அண்ணாந்து பார்த்தேன்.

"போயிட்டு வாரேனுங்க மாமா."